ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் எப்படி வாழ்ந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிமை வாழ்க்கை என்றதும் சங்கிலியும் சவுக்கும்தான் நம் கண்முன் வருகின்றன. அவை இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், கையில் காசு இருந்ததா, ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்று கேட்கத் தொடங்கினால்தான் அந்த வாழ்க்கை பிடிபடுகிறது. உலகம் முழுவதையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியாது. ரோமானியச் சுரங்கத்தில் வெந்தவரும் அரண்மனையில் விசிறி வீசியவரும் வெவ்வேறு உலகத்தவர். அதனால் இங்கே ஒரு தீவு, ஒரு பயிர்: ஜமைக்கா, கரும்பு. காலம், 1700-களிலிருந்து 1838 வரை.

இத்தனை நாடுகள் இருக்க ஏன் ஜமைக்கா?

கரீபியன் கடலில், 1655-இல் ஸ்பெயினிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த தீவு அது. அடுத்த நூறு ஆண்டுகளில் பிரிட்டனுக்குப் பணம் கொட்டும் காலனியாகிவிட்டது. பணம் என்றால் சர்க்கரையும், அதன் கழிவுப் பாகிலிருந்து வடித்த ரம்மும்.

காரணம் அது மட்டுமல்ல. அடிமை வியாபாரம் நடந்த காலத்தில் ஜமைக்காவில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறக்குறைய 10 லட்சம். அதில் ஒரு பகுதியினர் அங்கிருந்து வேறு இடங்களுக்கு விற்கப்பட்டார்கள். சரி, அவர்களைக் கழித்துவிடுவோம். 1834-இல் தலை எண்ணிப் பார்த்தபோது தீவில் இருந்த அடிமைகள் சுமார் 3,11,000 பேர்தான். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கியவர்களோ ஏறக்குறைய 4 லட்சம். 1860-இல் அங்கே அடிமைகளின் எண்ணிக்கை 39 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அமெரிக்க முதலாளிகள் நல்லவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பருத்தியும் புகையிலையும் செய்யாததைக் கரும்பு செய்தது என்றுதான் பொருள். ஒரு பயிர் எப்படி ஆளைத் தின்னும் என்பது அன்றாட வேலையைப் பார்த்தால் தெரியும்.

வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்?

இருட்டிலேயே, நாலு ஐந்து மணிவாக்கில், சங்கு ஊதுவார்கள். சில தோட்டங்களில் மணி. வெளிச்சம் வரும்போது மண்வெட்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிரட்டுக்களம் என்பார்களே, அதே போன்ற காலைக் கணக்கெடுப்பு. தாமதமாக வந்தால் அங்கேயே அடி.

ஒன்பது மணியளவில் வயலிலேயே அரைமணி நேரம் காலைச் சாப்பாட்டுக்கு. நடுப்பகலில் ஒன்றரை, இரண்டு மணி நேர இடைவேளை. அந்த நேரத்தில் பலர் சாப்பிடவே மாட்டார்கள், வீட்டுப் பின்புறத்தில் இருந்த சின்னத் தோட்டத்தைக் கொத்துவார்கள். மறுபடி பொழுது சாயும்வரை வயல். அதற்கு அப்புறமும் விட்டுவிடவில்லை. ஆளுக்கு ஒரு புல்லுக்கட்டு அறுத்துத் தொழுவத்தில் போட்ட பிறகே குடிசைக்குப் போகலாம். அதன் பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும்.

இது சாதாரண மாதங்களின் கணக்கு. அறுவடைக் காலம் வேறு.

எல்லாரும் ஒரே வேலையைச் செய்தார்களா?

இல்லை. உடல்வலுவைப் பார்த்து மூன்று கேங்காக, அதாவது வேலைக்குழுவாக, பிரித்திருந்தார்கள். முதல் கேங்கில் திடகாத்திரமான ஆண்களும் பெண்களும். குழி வெட்டுவது, கரும்பு வெட்டுவது, ஆலையில் இரவு வேலை எல்லாம் இவர்களுக்கு. இரண்டாவது கேங்கில் பதின்வயதினர், பிள்ளை பெற்று அதிக நாளாகாத பெண்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள். களையெடுப்பு, சோகை உரிப்பு போன்றவை இவர்கள் வேலை. மூன்றாவது கேங் குழந்தைகள்.

கேங்குகளுக்கு வெளியே கொல்லர், தச்சர், பீப்பாய் செய்பவர், கொத்தனார், வண்டியோட்டி, சர்க்கரை காய்ச்சுபவர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கு வயலை விட்டு வெளியே வர வழி குறைவு. வீட்டு வேலை, துணி துவைப்பது, தையல், மருத்துவச்சி வேலை, அவ்வளவுதான். இதனால் ஒரு விசித்திரமான விளைவு. மிகக் கடினமான வேலையைச் செய்த முதல் கேங்கில் பல தோட்டங்களில் பெண்களே அதிகம். மண்வெட்டிப் பிடித்த வலுவான ஆண் என்று படம் வரைகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குழந்தைகள் என்ன வேலை செய்தார்கள்?

ஐந்து, ஆறு வயதில் கையில் ஒரு கூடை. ஒரு கிழவியின் மேற்பார்வையில் புல் பறிப்பது, பன்றிக்குத் தழை சேர்ப்பது, உரம் பொறுக்கிப் போடுவது. அந்தக் கிழவி கையில் ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கவும் சங்குக்கு எழவும் அங்கேதான் பழகினார்கள். பன்னிரண்டு வயதுவாக்கில் இரண்டாவது கேங், பதினாறு பதினெட்டில் முதல் கேங். நாற்பதைத் தாண்டும்போது உடம்பு உடைந்து மறுபடி இரண்டாவது கேங்கோ காவல் வேலையோ. தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு விலை இருக்கும். அது ஏறி இறங்குவதைப் பார்த்தாலே ஒருவரின் ஆயுள் வரைபடம் கிடைத்துவிடும்.

வயல் வேலையில் எது மோசம்?

குழி வெட்டுவது. நம் ஊரில் கரும்புக்குப் பார் பிடிப்போம். அங்கே கயிறும் முளையும் வைத்து நிலத்தைச் சுமார் நாலடிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண்வெட்டியால் குழி எடுத்து, அதில் கரணையை ஊன்றுவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 100 குழி. கேங் முழுவதும் ஒரே வரிசையில் நகர வேண்டும். ஒருவர் பின்தங்கினால் வரிசை வளைவது பின்னால் நிற்பவன் கண்ணில் உடனே பட்டுவிடும், சவுக்கு அங்கே வரும்.

இது ஆளைக் கொல்லும் வேலை என்று முதலாளிகளுக்கே நன்றாகத் தெரியும். தெரியும் என்பதற்கு ஆதாரம், வசதியான பல தோட்டங்கள் இந்த வேலைக்கு மட்டும் அடுத்தவரின் அடிமைகளை வாடகைக்கு எடுத்தன. தங்கள் சொந்த ஆட்களின் உடம்பைப் பாதுகாக்கவாம். இப்படி வாடகைக்கு விடப்பட்டவர்கள் தோட்டம் தோட்டமாக அலைந்து, தற்காலிகக் கொட்டகைகளில் தூங்கி, சீக்கிரமே செத்தார்கள். கலப்பை பற்றித் தெரியாமல் இல்லை. அறுவடைக்கு வேண்டிய ஆட்களை ஆண்டு முழுவதும் வாங்கி வைத்திருந்ததால், மற்ற மாதங்களில் அந்தக் கைகளைச் சும்மா விட அவர்களுக்கு மனமில்லை.

அடுத்தது சாணி சுமப்பது. கூடையில் ஈரச் சாணியைத் தலையில் ஏற்றி மேட்டு வயலுக்குக் கொண்டுபோவார்கள். மழைக்காலத்தில் அது முகத்திலும் தோளிலும் வழிந்துகொண்டே இருக்கும்.

அறுவடைக் காலத்தில் என்ன நடக்கும்?

ஜனவரியில் தொடங்கி மே, ஜூன் வரை. கரும்பை வெட்டினால் ஒன்றிரண்டு நாளுக்குள் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் சாறு புளித்துவிடும். வெல்லம் காய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு குடும்பம் தன் வயல் கரும்பைச் சில நாள் காய்ச்சி முடித்துவிடும். அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர். ஆலை திங்கள் காலை ஓடத் தொடங்கினால் சனிக்கிழமை இரவுவரை நிற்காது.

அதற்கு ஆள்? பகலில் வயலில் கரும்பு வெட்டிய அதே ஆட்கள்தான். முறைவைத்து, ஒரு இரவு விட்டு ஒரு இரவோ, மூன்று இரவுக்கு ஒன்றோ ஆலையில் நிற்க வேண்டும். 18 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பது சர்வசாதாரணம்.

ஆலையில் மூன்று செங்குத்து உருளைகள். மாடோ, காற்றோ, தண்ணீரோ அவற்றைச் சுற்றும். ஒருவர் இந்தப் பக்கமிருந்து கரும்பைக் கொடுப்பார், இன்னொருவர் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் கண் சொருகி விரல் நுனி மாட்டிக்கொண்டால் உருளை கையையே இழுத்துவிடும். மாடுகளை நிறுத்துவதற்குள் தோள்வரை போய்விடும். அதனால் பக்கத்தில் ஒரு கோடாலி தயாராக இருக்கும், உருளையை வெட்டுவதற்கு அல்ல, கையை வெட்டுவதற்கு. தீவுகளுக்கு வந்துபோன பயணிகள் இந்தக் கோடாலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

காய்ச்சும் வேலை திறமையான வேலை இல்லையா?

ஆமாம், தோட்டத்திலேயே நுட்பமான வேலை அதுதான். நாலைந்து செம்புக் கொப்பரைகள், பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக இருக்கும். அடியில் கரும்புச் சக்கையும் விறகும் எரியும். சாற்றில் சுண்ணாம்பு போட்டு, அழுக்கு நுரையை எடுத்து, கெட்டியாகக் கெட்டியாக அடுத்த கொப்பரைக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசிக் கொப்பரையில்தான் விஷயமே. காய்ச்சுபவர் ஒரு துளிப் பாகைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்து இழுத்துப் பார்ப்பார். கம்பி எவ்வளவு நீளம் வருகிறது, எங்கே அறுகிறது என்பதுதான் கணக்கு. நம் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பதேதான். ஒரு நிமிடம் தவறினால் ஒரு கொப்பரை முழுவதும் வீண்.

இந்தப் பதம் தெரிந்தவர் அடிமைதான். வெள்ளைக்கார மேற்பார்வையாளருக்குத் தெரியாது, அவரும் இவரை நம்பித்தான் நின்றார். ஆகவே இவருக்கு விலை அதிகம், கொஞ்சம் கூடுதல் ரம், கூடுதல் துணி. ஆனால் கொதிக்கும் பாகு தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், துடைக்க முடியாது. அந்த ஆபத்தில் மட்டும் திறமைக்குச் சலுகை கிடையாது.

இன்னொன்று. இவ்வளவு கொடிய மாதங்களில்தான் அடிமைகளின் உடம்பு சற்றுத் தேறும் என்று தோட்ட முதலாளிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். சூடான சாறு குடிக்கலாம், கரும்பைக் கடிக்கலாம். மற்ற மாதங்களில் வயிறு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சவுக்கு வைத்திருந்தது யார்?

பெரும்பாலும் இன்னொரு அடிமை. நம் மொழியில் கங்காணி என்று சொல்லலாம், ஆனால் நம் கங்காணிக்குச் சம்பளம் உண்டு, இவருக்குக் கிடையாது. பெரிய வீடு, கூடுதல் துணி, நல்ல உணவுப் பங்கு கிடைக்கும். கேங் வேலையை முடிக்கவில்லை என்றால் அடி இவர் முதுகில் விழும். பல கங்காணிகள் மக்களிடம் மதிப்பும் பெற்றிருந்தார்கள். கலகங்கள் வெடித்தபோது முன்னணியில் நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

அவருக்கு மேலே வெள்ளைக்காரர்கள். முதலாளி பல சமயம் இங்கிலாந்தில் இருப்பார், தீவைக் கண்ணால் பார்க்காதவரும் உண்டு. தோட்டத்தில் இருப்பது மேற்பார்வையாளரும், அவருக்குக் கீழே சில கணக்குப்பிள்ளைகளும். பெயர்தான் கணக்குப்பிள்ளை. இரவில் காய்ச்சும் கொட்டகையில் நின்று யாரும் தூங்காமல், சர்க்கரை திருடாமல் பார்ப்பதே அவர்கள் வேலை.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

இதுதான் பலரும் எதிர்பாராத விஷயம். ஜமைக்காவில் முதலாளி சோறு போடவில்லை. கருவாடு மாதிரி உப்பிட்ட ஹெர்ரிங் மீன் கொஞ்சம் தருவார், மற்றதை அவர்களே விளைத்துக்கொள்ள வேண்டும். கரும்புக்கு உதவாத மலைச்சரிவில் ஆளுக்கு ஒரு துண்டு நிலம். குடியிருப்பிலிருந்து சில மைல் தூரம்கூட இருக்கும். வள்ளிக்கிழங்கு, வாழை, சேம்பு, சோளம், மிளகாய் எல்லாம் அங்கே. வேலை செய்ய ஞாயிற்றுக்கிழமையும், அறுவடை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமையும். பின்னாளில் சட்டம் ஞாயிறு நீங்கலாக ஆண்டுக்கு 26 நாள் என்று வரையறுத்தது. ஆறு நாள் முதலாளிக்கு உழைத்துவிட்டு, ஏழாவது நாள் உயிரோடு இருப்பதற்காக உழைத்தார்கள்.

முதலாளிக்கு இது லாபம். ஆனால் புயல் அடித்தால் மலைத்தோட்டம் போய்விடும். அமெரிக்கச் சுதந்திரப் போரால் வட அமெரிக்காவிலிருந்து தானியம் வருவது நின்று, கூடவே அடுத்தடுத்துப் புயல்களும் வந்தபோது, 1780-க்கும் 1787-க்கும் இடையில் பட்டினியாலும் அதோடு வந்த நோயாலும் சுமார் 15,000 அடிமைகள் இறந்ததாகத் தீவின் சட்டசபையே கணக்குச் சொன்னது. அப்போதுதான் மலிவான உணவு வேண்டும் என்று டஹிட்டியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டுவரக் கப்பல் அனுப்பினார்கள். முதல் முயற்சி 1789-இல் மாலுமிகளின் கலகத்தில் முடிந்தது. கேப்டன் வில்லியம் பிளை மறுபடி போய் 1793-இல் கன்றுகளை ஜமைக்காவில் சேர்த்தார். அடிமைகளுக்கு அது பிடிக்கவில்லை, பன்றிக்குப் போட்டார்கள். இன்று ஜமைக்கா உணவில் அதற்கு நல்ல இடம் உண்டு, அது வேறு கதை.

அவர்களிடம் காசு இருந்ததா?

இருந்தது. மலைத்தோட்டத்தில் மிஞ்சியதை, வளர்த்த கோழியை, முட்டையை, முடைந்த கூடையை ஞாயிற்றுச் சந்தையில் விற்றார்கள். கிங்ஸ்டன் நகரமே இந்தச் சந்தையை நம்பித்தான் சாப்பிட்டது. தலையில் சுமையோடு விடியுமுன் பல மைல் நடந்து வருபவர்களில் பெண்கள் அதிகம். 1774-இல் ஒரு தோட்ட முதலாளி போட்ட கணக்குப்படி, தீவில் புழங்கிய நாணயத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் சில்லறையாக, அடிமைகள் கையில் இருந்தது. சட்டப்படி அவர்களே இன்னொருவரின் சொத்து. ஆனாலும் மலைத்தோட்டத்தையும் கோழியையும் செத்த பிறகு இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெரும்பாலான தோட்டங்களில் அந்த வழக்கத்தை முதலாளிகள் தொடத் துணியவில்லை.

சந்தை என்பது வெறும் வியாபாரமும் இல்லை. வேறு தோட்டத்துக்கு விற்கப்பட்ட அக்காவைப் பார்ப்பது, கப்பலில் கூட வந்தவரைத் தேடுவது, செய்தி கேட்பது எல்லாம் அங்கேதான். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தவர்களாகவே கருதினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குள் திருமணம் கூடாது என்னும் அளவுக்கு.

வீடும் துணியும்?

மூங்கிலும் குச்சியும் பின்னி மண் பூசிய சுவர், ஓலைக்கூரை, ஒன்றோ இரண்டோ அறை. ஆண்டுக்கு ஒருமுறை சில கெஜம் முரட்டுத் துணியும் ஊசி நூலும். தைத்துக்கொள்வது அவர்கள் பாடு. இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே புதைப்பது வழக்கம். அதனால் குடியிருப்பை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறோம் என்றால் பெரிய எதிர்ப்பு கிளம்பும்.

பெயர்களை யார் வைத்தார்கள்?

தோட்டப் பதிவேட்டில் சீசர், பாம்ப்பி, வீனஸ் என்று ரோமானியப் பெயர்கள் நிறைய. முதலாளிகளின் நகைச்சுவை. ஆனால் அதே பதிவேடுகளில் கஃபீ, குவாக்கோ, குவாஷி, கஜோ என்ற பெயர்களும் வருகின்றன. இவை இன்றைய கானாப் பகுதி ஆக்கான் மக்களின் கிழமைப் பெயர்கள். கஃபீ வெள்ளிக்கிழமை பிறந்தவர், கஜோ திங்கட்கிழமை, ஃபிப்பா வெள்ளிக்கிழமை பிறந்த பெண். வாரத்தின் ஏழு நாளும் முதலாளியின் கணக்கில் ஓடும் இடத்தில், பிள்ளை பிறந்த கிழமையை மட்டும் தங்கள் மொழியில் குறித்து வைத்தார்கள்.

பெண்களின் நிலை, பிள்ளைப்பேறு?

எழுதக் கஷ்டமான பகுதி இது. தாமஸ் திஸ்ஸில்வுட் என்ற மேற்பார்வையாளர் 1750 முதல் 1786 வரை ஜமைக்காவில் நாட்குறிப்பு எழுதினார். மழை எவ்வளவு, எந்தச் செடி பூத்தது என்று குறிக்கும் அதே நிதானத்தோடு, தான் அடிமைப் பெண்களோடு உடலுறவு கொண்டதையும் லத்தீனில் குறித்தார். வரலாற்றாசிரியர்கள் எண்ணியதில் 138 பெண்கள், 3,852 முறை. இதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுப்பதற்கு உரிமை உள்ளவர் எவரும் அங்கே இல்லை.

கர்ப்பிணிகள் கடைசி வாரங்கள்வரை வயலில் நின்றார்கள். பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை ரணஜன்னி கண்டு முதல் ஒன்பது நாளுக்குள் இறந்தன. ஒன்பதாம் நாள் தாண்டினால்தான் குழந்தை இந்த உலகத்துக்கு வந்ததாகக் கணக்கு. மெசபடோமியா என்ற பெயர் கொண்ட ஜமைக்காத் தோட்டத்தின் பதிவேடுகளில் எழுபது ஆண்டுகளில் சாவுகள் பிறப்புகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடிமை வியாபாரத்தைப் பிரிட்டன் தடைசெய்த 1807-க்கு முன் பல முதலாளிகளுக்கு இது கவலை இல்லை, வளர்ப்பதைவிட வாங்குவது மலிவு என்று வெளிப்படையாகவே பேசினார்கள். பிள்ளைப்பேற்றை ஊக்குவிக்க 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சட்டம் வந்தது. ஆறு பிள்ளைகள் உயிரோடு உள்ள தாய்க்குக் கடின வேலையிலிருந்து விலக்கு. ஆறு பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க முடிந்தவர்கள் மிகச் சிலர்.

திஸ்ஸில்வுட்டின் நாட்குறிப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் வரும் பெயர் ஃபிப்பா. அவரோடு வாழ்ந்த அடிமைப் பெண். தையல் வேலை செய்து, கால்நடை வளர்த்து, விற்று, அவருக்கே கடன் கொடுத்திருக்கிறார். திஸ்ஸில்வுட் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1792-இல்தான் ஃபிப்பாவுக்கு விடுதலை கிடைத்தது. உயில்படி அதற்கு ஒதுக்கிய விலை 80 பவுண்டு. இந்தப் பெண்ணை எந்த ஒற்றைச் சொல்லில் அடைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தண்டனைக்குச் சட்ட வரம்பு இருந்ததா?

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. ஒரு தடவைக்கு 39 அடி, முதலாளியோ மேற்பார்வையாளரோ பக்கத்தில் இல்லாவிட்டால் 10. அடிமையின் சாட்சி வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் செல்லாது. அப்படியிருக்க எண்ணிப் பார்த்தது யார்?

எல்லாருக்கும் கரும்பு வேலைதானா?

ஜமைக்காவிலேயே காப்பித் தோட்டம், மாட்டுப்பண்ணை, துறைமுகம், வீட்டு வேலை என்று பல இருந்தன. மற்ற தீவுகளில் இன்னும் வேறு. பெர்முடாவில் பிறந்த மேரி பிரின்ஸ் டர்க்ஸ் தீவின் உப்பளத்தில் உழைத்தவர். அதிகாலை நாலு மணியிலிருந்து முழங்கால்வரை உப்புத் தண்ணீரில் நின்று, கால் முழுவதும் கொப்புளமாகி, சில இடங்களில் எலும்புவரை அரித்தது என்று சொன்னார். வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கால்கள் கண்முன் வரும். 1831-இல் லண்டனில் அவர் வாய்மொழி அச்சானபோது, வாங்கிப் படித்தவர்கள் முதல்முறையாக ஒரு கறுப்பினப் பெண்ணின் அடிமை வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டார்கள்.

அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை?

எதிர்த்தார்கள். மலைக்குத் தப்பி ஊர் அமைத்த மரூன்களை வெல்ல முடியாமல் 1739-இல் பிரிட்டிஷார் ஒப்பந்தம் போட்டார்கள். 1760-இல் டாக்கி என்ற அடிமையின் தலைமையில் பெரும் கலகம். தினசரி எதிர்ப்பு வேறு: மெதுவாக வேலை செய்வது, மண்வெட்டியை உடைப்பது, நோய் என்று படுப்பது, சில நாள் காணாமல் போய்த் திரும்பி வருவது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1831 கிறிஸ்துமஸ். சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்ட் சபையில் உபதேசியார், படிக்கத் தெரிந்தவர். விடுமுறை முடிந்தபின் கூலி தராவிட்டால் யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று பைபிள்மேல் சத்தியம் வாங்கினார். வேலைநிறுத்தம்தான் திட்டம். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் எரிந்ததோடு அது கலகமாகிவிட்டது. 60,000 பேர்வரை சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். அடிமைகளில் சண்டையில் 200-க்கு மேல், பிறகு தூக்கிலும் சுட்டும் 300-க்கு மேல். ஷார்ப் 1832 மே 23-இல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே லண்டன் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

1834-இல் விடுதலை கிடைத்ததா?

பெயருக்கு. ஆகஸ்டு 1-இல் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் உடனே விடுதலை. மற்றவர்கள் 'பயிற்சியாளர்கள்'. தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்கக் கூடாது. வாரம் 40½ மணி நேரம் பழைய முதலாளிக்குச் சம்பளமின்றி உழைக்க வேண்டும், மிச்ச நேரம் அவர்களுடையது.

உடனே சண்டை மணிக்கணக்கில் வந்து நின்றது. நாளுக்கு ஒன்பது மணி நேரம் உழைத்தால் வெள்ளிக்கிழமை மதியமே வாரக்கணக்கு முடிந்துவிடும், மலைத்தோட்டத்துக்குப் போகலாம் என்றார்கள் தொழிலாளர்கள். பல தோட்டங்கள் வேண்டுமென்றே நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்து அந்த அரைநாளை விழுங்கின. இதுவரை வழக்கமாகக் கொடுத்துவந்த உப்பு மீனையும், வயலில் சமைப்பவரையும், தண்ணீர் கொண்டுவரும் ஆளையும், பிள்ளை பார்க்கும் கிழவியையும் 'சட்டத்தில் இல்லை' என்று நிறுத்தினார்கள். மறுத்தவர்கள் சிறையில், தண்டனையாகக் காலால் ஓயாமல் மிதித்துச் சுழற்றும் மிதிசக்கரம் ஏறினார்கள். இந்த ஏற்பாடு 1838 ஆகஸ்டு 1-இல்தான் ஒழிந்தது.

இழப்பீடு? உண்டு, 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அத்தனையும் முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டன் அடைத்து முடித்தது 2015-இல்.

இதில் தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பெரும்பாலும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளில். விடுதலை பெற்றவர்கள் முடிந்த இடங்களிலெல்லாம் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். ஆள் தேடிய முதலாளிகளின் கண் இந்தியா பக்கம் திரும்பியது. ஜமைக்காவுக்கு 1845-இல் வந்த முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1848-இல் அடிமைமுறையை ஒழித்தபின் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆள் எடுத்தார்கள். 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை மார்டினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு அதே கப்பல் குவாதலூப்புக்கு வந்தது. அவர்களில் தமிழர் ஏராளம்.

இதுவும் அடிமைத்தனம்தானா என்று கேட்பார்கள். ஒன்றல்ல என்றுதான் சொல்வேன். ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி, ஊர் திரும்பும் உரிமை எல்லாம் காகிதத்திலாவது இருந்தன, பிள்ளைகள் விற்கப்படவில்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது அடிமைகள் விட்டுப்போன அதே குடிசை வரிசைகள், அதே கரும்பு. இன்றும் குவாதலூப்பில் மூத்துசாமி, வீராசாமி என்ற குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. மாரியம்மன் கோயில்களில் பூசை நடக்கிறது. பாட்டு தமிழில்தான், பாடுகிறவர்களில் பலருக்குப் பொருள் மறந்துவிட்டது.